சூட்டுக்கு ஒரு வரி

பிரிட்டனில் சாப்பாட்டின் மேல் வரி போட நினைத்த அரசுகள் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. இறக்குமதித் தானியத்துக்குத் தீர்வை விதித்து நிலச்சுவான்தார்களைக் காப்பாற்றிவந்த சட்டங்கள் 1846இல் ரத்தானபோது, ரத்து செய்த ராபர்ட் பீலின் கன்சர்வேடிவ் கட்சியே இரண்டாகப் பிளந்தது. 1903இல் ஜோசப் சேம்பர்லின் மறுபடியும் இறக்குமதித் தீர்வை கேட்டுப் புறப்பட்டார். வரியில்லாத பெரிய ரொட்டி வேண்டுமா, வரிபோட்ட சின்ன ரொட்டி வேண்டுமா என்று கேட்டே லிபரல் கட்சி 1906 தேர்தலை அள்ளிக்கொண்டு போனது. இந்தப் பயம் ஊறிய நாட்டில் 1973 ஏப்ரல் 1ஆம் தேதி வாட் வரி வந்தபோது, பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு விகிதம் பூஜ்ஜியம் என்று வைத்ததில் வியப்பில்லை. கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வரி, பொட்டலமாக வாங்கிப் போனால் வரியில்லை. சூடா ஆறியதா என்பதை அப்போது யாரும் கேட்கவில்லை. பின்னாளில் அதைக் கேட்க ஆரம்பித்ததால் வந்த சிக்கல்தான் 2012இல் பாஸ்டி என்ற பேக்கரிப் பண்டத்தின் பெயரால் ‘பாஸ்டி வரி’க் கலகமாக வெடித்தது. அந்தக் கலகத்தை ஒரு கேலிக்கூத்தாகச் சொல்வதே வழக்கம். மக்கள் திரண்டு அநியாய வரியை விரட்டிய கதையாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே பாதிக் கதை. அதே வகை வரியை அதற்கு 28 ஆண்டுகள் முன்பிருந்தே ஒரு கூட்டத்தார் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்காக எந்தத் தலைவரும் கடை வாசலில் போய் நிற்கவில்லை என்பது மீதிக் கதை.

அந்தக் கூட்டத்தார் மீன் வறுவல் கடைக்காரர்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்களும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளோடு வளர்ந்த கடைகள் அவை. ஆணும் பெண்ணும் ஆலைக்குப் போய் அலுத்துத் திரும்பும் வீட்டில் அடுப்பு மூட்ட நேரமும் இல்லை, சில வீடுகளில் சரியான அடுப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் ரேஷனுக்குப் போனபோதும் மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் ரேஷனில் அடைக்காமல் அரசு விட்டுவைத்தது இந்த அருமை தெரிந்துதான். 1984 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நைஜல் லாசன் அந்தப் பொட்டலத்தில் கைவைத்தார். அந்த ஆண்டு மே 1 முதல், சூடாக வாங்கிப் போகும் உணவுக்கு 15 சதவீத வாட். மேசையில் வைத்துப் பரிமாறும் சாப்பாட்டுக்கு வரி இருக்கும்போது அதோடு போட்டி போடும் பொட்டலத்துக்கு ஏன் விலக்கு என்ற வாதம் அரசுக்குக் கைகொடுத்தது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் 144 இடப் பெரும்பான்மையோடு வந்த அரசு அது. எதிர்ப்பு இருந்தது, ஆனால் பலிக்கவில்லை. உள்ளூர் வேறுபாடின்றி நாடெங்கும் சிதறிக் கிடந்த சிறு கடைகளின் குரலுக்கு எந்தத் தொகுதியிலும் தனிக் கனம் இருக்கவில்லை.

லாசனின் சட்டத்தில் ஒரு சொல் பேக்கரிக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது: நோக்கம். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகச் சாப்பிட வேண்டும் என்ற நோக்கத்தோடு சூடாக்கிய உணவுக்குத்தான் வரி. செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் பிம்ப்லெட் என்ற பேக்கரி இதைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் ‘பை’ என்ற பூரணப் பண்டத்தைச் சுடுவது அது புதியது என்று வாடிக்கையாளர் அறிவதற்கும் கடையில் வாசனை கமழ்வதற்கும்தானே தவிர, சுடச்சுடத் தின்பதற்கு அல்ல என்பது அவர்கள் கட்சி. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. பிறகென்ன, ஒரே தெருவில் மீன் பொட்டலத்துக்கு வரி உண்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய பைக்கு வரி இல்லை. இந்த ஓட்டை வழியே பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளும் நுழைந்து, சுழலும் கம்பியில் வாட்டிய கோழியைச் சூடாகவே வரியின்றி விற்க முடிந்தது. வாங்குபவர் கையில் இரண்டும் ஒரே சூடு. விற்பவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை வைத்து வரி போடும் சட்டம் நெடுநாள் நிற்காது என்பதை நிதித்துறை சரியாகவே கணித்தது.

2012 மார்ச் 21 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் இந்த ஓட்டையை அடைக்கப் புறப்பட்டார். நோக்கம் என்ற பேச்சே வேண்டாம், விற்கும் நேரத்தில் சுற்றுக் காற்றைவிடச் சூடாக இருந்தால் 20 சதவீத வரி, புதிதாகச் சுட்ட ரொட்டிக்கு மட்டும் விலக்கு. கணக்குப்படி நேர்த்தியான யோசனை, கடைக்கு வந்தால் நகைப்புக்குரியது. வெயில் நாளில் வெதுவெதுப்பான பைக்கு வரியில்லை, பனி நாளில் அதே பைக்கு வரி. இரண்டு பவுண்டு பண்டத்துக்கு 40 பென்ஸ் போடலாமா என்று பார்க்க கல்லாவில் தெர்மாமீட்டர் வேண்டும். அடி அதிகம் விழுந்தது தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பாஸ்டியின் மேல். சோமாசியைப் பெரிதாக்கி உள்ளே மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துச் சுட்டாற்போன்ற பண்டம் அது. வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளியின் மதிய உணவாகப் பேர் பெற்றது. முந்தைய ஆண்டுதான் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு தந்திருந்தது. நாடாளுமன்றக் குழுவில் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர், கிரெக்ஸ் என்ற பேக்கரிச் சங்கிலிக் கடையில் கடைசியாக எப்போது பாஸ்டி வாங்கினீர்கள் என்று நிதியமைச்சரைக் கேட்க, அவருக்கு நினைவில்லை. மறுநாள் பிரதமர் டேவிட் கேமரன் தனக்குப் பாஸ்டி பிடிக்கும் என்று காட்ட லீட்ஸ் ரயில் நிலையக் கடை ஒன்றை நினைவுகூர்ந்தார். அந்தக் கடை மூடியாகிவிட்டது என்று பத்திரிகைகள் கண்டுபிடித்தன. எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபேண்டோ கேமராக்கள் சூழ கிரெக்ஸுக்குப் போய் சாசேஜ் ரோல் வாங்கினார். பேக்கரிக்காரர்கள் லட்சக்கணக்கான கையெழுத்தோடு டவுனிங் தெருவுக்கு வந்தார்கள், கார்ன்வாலின் ஃபால்மவுத்தில் பேரணி நடந்தது.

இதெல்லாம் பத்திரிகைகள் ஊதிய நெருப்புதானே என்று கேட்கலாம். ஊதினார்கள்தான், ஆனால் விறகு பட்ஜெட்டிலேயே இருந்தது. உச்ச வருமான வரியை 50 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைத்த அதே பட்ஜெட் அது. முதியோரின் வரிச்சலுகையை முடக்கியதும், நிறுத்தி வைத்த கேரவன்களுக்கு வாட் போட்டதும் அதே அறிக்கைதான். பணக்காரனுக்குத் தள்ளுபடி, பாஸ்டிக்கு வரி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய பட்ஜெட்டுக்குத் தனியாகப் பிரசாரம் எதற்கு? அதோடு, கார்ன்வாலின் ஆறு தொகுதிகளும் ஆளும் கூட்டணியின் கையில் இருந்தன, கன்சர்வேடிவ் மூன்று, லிபரல் டெமாக்ரட் மூன்று. மீன்கடைக்காரர்களுக்கு 1984இல் கிடைக்காத கனம் இங்கேதான் கிடைத்தது. வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மிர்லீஸ் தலைமையிலான வரி ஆய்வு, முந்தைய ஆண்டுதான், உணவுக்குப் பூஜ்ஜிய விகிதம் வைப்பதால் பணமாக அதிக ஆதாயம் பெறுவது வசதியானவர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வரி போட்டு ஏழைகளுக்கு உதவித்தொகையை உயர்த்துங்கள் என்று சொல்லியிருந்தது. ஏட்டளவில் இதை மறுப்பது கடினம். ஆனால் ஆஸ்போர்ன் அதைச் செய்யவில்லை. வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஈட்டுத்தொகையை விட்டுவிட்டார். பாதி சீர்திருத்தத்தைக் கண்ட மக்கள் மீதி எங்கே என்று கேட்டதைக் குற்றம் சொல்ல முடியாது.

மே 28ஆம் தேதி அரசு பின்வாங்கியது. அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, சூட்டை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டது: சூடு காக்கும் பெட்டியிலோ விளக்கின் கீழோ வைத்தால், சூடு தங்கும் உறையில் கொடுத்தால், சூடானது என்று விளம்பரம் செய்தால், கேட்டபின் சூடாக்கித் தந்தால் வரி, அடுப்பிலிருந்து இறக்கித் தட்டில் தானாக ஆறவிட்டால் வரி இல்லை. வாட்டிய கோழி மாட்டிக்கொண்டது, பாஸ்டி தப்பியது. கலகம் செய்தவர்கள் கேட்டது தங்களுக்கு விலக்கு. சூட்டுக்கு வரி என்ற கொள்கையை யாரும் அசைக்கவில்லை, அசைக்கச் சொல்லவும் இல்லை. ஆளுங்கட்சித் தொகுதிகளும் பெரிய சங்கிலிக் கடைகளும் பின்னால் நின்ற உணவு தப்பித்தது, நிற்காத உணவு மாட்டிக்கொண்டது. நியாயம் என்று பார்த்தால், ஆலைத் தொழிலாளியின் மீன் பொட்டலத்துக்கும் சுரங்கத் தொழிலாளியின் பாஸ்டிக்கும் இடையில் வித்தியாசம் எதுவும் இல்லை. பாஸ்டி தட்டில் ஆறினால் இன்றும் வரியில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த மீன் பொட்டலத்துக்கு, கொரோனாக் காலத்தில் கொடுத்த தற்காலிகச் சலுகை 2022 மார்ச்சோடு முடிந்தபின், மறுபடி முழு 20 சதவீதம்.