மரியென்தாலில் நின்றுபோன கடிகாரங்கள்

மக்களுக்கு நேரம் கிடைத்தால் அவர்கள் வாசிப்பார்கள் என்பது பத்திரிகைக்காரர்களின் பழைய நம்பிக்கை. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் குலைத்தது, ஒஸ்திரியாவின் ஒரு சிற்றூரைப் பற்றி 1933 இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த ஓர் ஆய்வு நூல்.

வியன்னாவுக்குத் தென்கிழக்கே உள்ள மரியென்தால், ஒரு நெசவாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். உலகப் பொருளாதார மந்தத்தில் 1929 இல் ஆட்குறைப்புத் தொடங்கி, 1930 இல் ஆலை முற்றாக மூடப்பட்டது. ஊரிலிருந்த 478 குடும்பங்களுள் 367 இல் ஒருவருக்கேனும் நிரந்தர வேலை இருக்கவில்லை.

மரீ யஹோடா, போல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய இளம் ஆய்வாளர்கள் முதலில் தொழிலாளரின் ஓய்வு நேரத்தை ஆராயவே விரும்பினர். நாடே வேலையின்றித் தவிக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆய்வு என்று கடிந்து, அவர்களை இத்திசைக்குத் திருப்பியவர் சமூக சனநாயகத் தலைவர் ஒட்டோ பௌவர். ஆனால் அவர்கள் முதலில் தேடிய பொருளும் மரியென்தாலிலேயே கிடைத்தது. ஊர் முழுவதும் ஓய்வில்தான் இருந்தது!

ஊர் நூலகத்தில் இரவல் கட்டணம் நீக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 1929 இற்கும் 1931 இற்கும் இடையில் இரவல் சென்ற நூல்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அரசியல் கனதியுள்ள நாளேட்டின் சந்தாதாரர் பெருமளவில் விலகினர். இலகு வாசிப்புக்கான மலிவான ஏட்டின் இழப்பு அதைவிடக் குறைவு. விலை மட்டும் இதற்குக் காரணமன்று என்பதற்கு நூலகமே சாட்சி.

ஆய்வாளர்கள் தெருவில் ஒளிந்து நின்று நடையின் வேகத்தையும் அளந்தனர். ஆண்கள் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். நூறு ஆண்களுள் 88 பேர் கைக்கடிகாரமோ பைக்கடிகாரமோ இன்றி நடமாடினர். தம் நாளைப் பதியுமாறு அவர்களிடம் தாள் கொடுத்தபோது, எழுந்தது, மதியம் உண்டது, உறங்கச் சென்றது என்பவற்றுக்கு அப்பால் பலருக்கு எழுத எதுவும் இருக்கவில்லை. பெண்களின் நிலை வேறு. அவர்களுக்குச் சமையலும் துவையலும் கிழிந்ததைத் தைப்பதுமாக நாள் போதவில்லை. ஆயினும் பணத்துக்காக மட்டுமன்றி, மனிதர்களோடு இருப்பதற்காகவும் ஆலைக்குத் திரும்பவேண்டும் என்று அவர்களுள் பலர் கூறினர்.

இவ்விடத்தில் என் குறிப்பேடுகள் நினைவுக்கு வந்தன. 1990களில் வடக்கின் நலன்புரி நிலையங்களுக்குச் சென்று எத்தனை குடும்பங்கள், எவ்வளவு நிவாரண அரிசி என்று எழுதிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். முற்பகலில் மர நிழலில் குந்தியிருந்த ஆண்களிடம், காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை.

மரியென்தாலுக்குச் சென்றோர் வெறும் பார்வையாளராக நிற்கலாகாது என்று விதித்துக்கொண்டிருந்தனர். ஒவ்வொருவரும் ஊருக்குப் பயனுள்ள ஒரு பணியைச் செய்யவேண்டும். வியன்னாவில் ஏறத்தாழ 200 உடைகள் சேகரித்து வழங்கினர். மருத்துவ ஆலோசனையும் தையல் வகுப்பும் நடத்தினர். உடை வேண்டுமா என்று கேட்கச் சென்ற வீடுகளிலேயே அக்குடும்பங்களின் கதையும் குறிப்பேறியது. உதவியை உளவுக்கு வழியாக்கினார்களா என்ற கேள்வி எனக்கு இன்னும் உண்டு. ஆனால் வெறுங்கையோடு போய்க் கதையை மட்டும் எடுத்துவந்த நான் அதைக் கேட்பது அவ்வளவு பொருத்தமன்று.

நுணுகி ஆராய்ந்த நூறு குடும்பங்களுள் 16 மட்டுமே மனம் உடையாதவை. 48 குடும்பங்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு அடங்கிப்போயின. 11 விரக்தியிலும் 25 எதிலும் பற்றற்ற நிலையிலும் இருந்தன. வேலையின்மை புரட்சியை மூட்டும் என்று அன்று பலர் எதிர்பார்த்தனர். மரியென்தாலில் மூண்டது மொட்டைக் கடிதம். உதவிப்பணம் பெறுவோர் களவாக உழைக்கிறார்கள் என்று அயலவர் அயலவரைக் காட்டிக்கொடுத்தனர். அவற்றுள் பொய்ப் புகார்களே பெருகின. வாயினால் ஊதும் ஆர்மோனிக்காவை வாசித்துச் சில காசு பெற்ற ஒருவரின் உதவிப்பணம்கூட நிறுத்தப்பட்டது.

நூல் வெளிவந்தது ஹிட்லர் பதவியேற்ற ஆண்டில். ஆசிரியர்கள் யூதர்களாதலால் முதற் பதிப்பின் அட்டையில் அவர்களின் பெயர்கள் இடம்பெறவில்லை. லாசர்ஸ்ஃபெல்ட் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்றார். யஹோடா 1936 இல் ஒஸ்திரிய அரசினால் சிறையிலடைக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்ற நிபந்தனையில் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார். இங்கிலாந்தை அடைந்த அவர், முதலில் ஆராய்ந்ததும் வேலையிழந்த தொழிலாளரையே. வேல்ஸின் சுரங்கப் பகுதியில்.