சேர்வராயன் மலையில் விலையில்லா மடிக்கணினி: உடைமையும் கட்டுப்பாடும்

சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்குக் கணினி பெருமளவில் வந்து சேர்ந்தது கடைவீதி வழியாக அன்று, அரசுப் பள்ளி வழியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்தநாளில், முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பயில்வோரைப் பயனாளிகளாகக் கொண்டிருந்தமையால், அம்மலையிலுள்ள ஏற்காட்டுப் பகுதியின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் அதன் வரம்புக்குள் அடங்கின. முதலாண்டில் மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மூடியின் மேல் முதலமைச்சரின் படம் அச்சிடப்பட்ட அக்கருவி மாணவரின் சொந்த உடைமை ஆயிற்று. அதனுள் ஓடிய மென்பொருளின் மீது அவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பது வேறு செய்தி.

அதற்கு முந்தைய பத்தாண்டில் தமிழ்நாட்டுக் கணினிகளை ஆட்டிப்படைத்தது வைரஸ், அதாவது உரிமையாளர் அறியாமல் கணினியில் குடியேறித் தன்னைத் தானே படியெடுத்துப் பரவும் நிரல். பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரலைத் தானாக ஓடவிடும் ஆட்டோரன் என்னும் வசதியை விண்டோஸ் கொண்டிருந்ததால், பிரவுசிங் சென்டரில் ஒட்டிக்கொண்ட தொற்று, கோப்புறையின் உருவப்படத்தை அணிந்துகொண்டு, அலுவலகத்துக்கும் பள்ளி ஆய்வகத்துக்கும் எளிதாகச் சென்றது. யாரைக் கேட்டும் அந்த வசதி சேர்க்கப்படவில்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் பென் டிரைவைப் பொறுத்தவரை அதை முடக்கும் பொதுத் திருத்தம் 2011 பிப்ரவரியில்தான் பரவலாக வந்தது. இந்தத் தொல்லையையும் உரிமக் கட்டணத்தையும் முன்னிட்டே, 1977இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மின்னணுக் கழகமான எல்காட், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. யாரும் படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் இயங்குதளம் லினக்ஸ். அதே காலத்தில் சென்னை சி-டாக் நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடமளிக்கும் பாஸ் லினக்ஸை 2007இல் வெளியிட்டது.

2011ஆம் ஆண்டு மடிக்கணினியில் விண்டோஸ், பாஸ் ஆகிய இரண்டுமே பதியப்பட்டிருந்தன. கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் விண்டோஸைச் சேர்த்ததைக் குறைகூறினர். நடந்ததோ வேறு. பல மாணவர்கள் கடைக்குக் கொண்டுபோய், வட்டை முழுதும் அழித்து, உரிமம் இல்லாத விண்டோஸ் படியொன்றைப் போட்டுக்கொண்டனர்; அவர்கள் முதலில் தூக்கியெறிந்தது, அவர்களுக்கு மிகுதியான உரிமை அளித்திருந்த பாஸ்தான். இதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. மேல்நிலைக் கணினிப் பாடநூலோ ஸ்டார் ஆபீஸைக் கற்பிக்க, தட்டச்சு நிலையமும் வேலைக்கான நேர்காணலும் எம்எஸ் ஆபீஸைக் கேட்க, லினக்ஸில் ஐயம் வந்தால் விளக்குவதற்கு ஆளில்லாத மலையூரில், பாஸும் மேலிருந்து இறக்கப்பட்ட, கேட்காமல் வந்த மென்பொருளாகவே மாணவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். உரிமையை ஆணையின் மூலம் வழங்கிவிட்டு, அதைப் பயன்படுத்தும் வழியைக் காட்டாமல் விட்டது திட்டத்தின் பெருங்குறை.

கடையில் போட்ட படிக்கும் விலை இருந்தது. திருட்டுப் படி என்று கண்டுபிடிக்கப்படாமல் இருக்க, அத்தகைய படிகளில் தானியங்கிப் புதுப்பிப்பு, அதாவது நிறுவனம் இணையம் வழியே அனுப்பும் திருத்தங்களைத் தானே பதிந்துகொள்ளும் ஏற்பாடு, பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்னும் தீநிரல், மார்ச்சிலேயே வெளியான திருத்தத்தைப் பெறாத கணினிகளைத்தான் தாக்கியது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள்.

முறையான படியை வைத்திருந்தவருக்கும் நிம்மதி இல்லை. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளியானபின், அதை வேண்டாதவரின் கணினியிலும் பல ஜிபி அளவுள்ள கோப்புகளை மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே இறக்கி வைத்தது. நகரத்துக் கம்பி இணைப்புக்கு அது பெரிதன்று. இணைய டாங்கிளை ஜன்னலோரம் வைத்து, எம்பி கணக்கில் ரீசார்ஜ் செய்து, பள்ளத்தாக்கில் வந்து வந்து போகும் சிக்னலை நம்பியிருந்த மலையூரில் அது ஒரு மாதத்துக்கான இணையத்தையே விழுங்கக்கூடியது. 2016இல், விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லும் அறிவிப்புப் பெட்டியின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மேம்படுத்தல் தொடங்கியதால் பல நாடுகளில் கண்டனம் எழ, தெளிவான மறுப்புப் பொத்தான் பின்னரே சேர்க்கப்பட்டது. இங்கே ஒன்று நினைவுகூரத்தக்கது: பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் 2013 டிசம்பர் 4 அன்று நடந்த இடைத்தேர்தலில்தான், வேட்பாளர் எவரும் வேண்டாம் என்று பதியும் நோட்டா பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது, நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை அழுத்தினர். வாக்குப்பதிவு எந்திரத்தில் ஏற்காட்டு வாக்காளருக்குக் கிடைத்த வாய்ப்பு, இரண்டாண்டுக்கு மேலாகியும் அவர்கள் வீட்டுக் கணினியில் நேராகக் கிடைக்கவில்லை.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு இருந்தால்தான் ஒரு கணினியை முறைப்படி ஏற்கும் என்பதால், முதல் சுற்றில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. இன்னும் ஓடும் நிலையில் இருக்கும் அத்தகைய பழைய கணினியில், கட்டணமும் அனுமதியும் இன்றிப் புதுப்பித்துக்கொள்ளத் தக்கதாக எஞ்சியிருப்பவை டெபியன் வழிவந்தவை போன்ற லினக்ஸ் வகைகள்தான்.