நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. - அப்புறம் என் தம்பியின் மெயில்கள்

வழக்கம்போல நீளமான பதிவுதான். வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பாடம் நடத்தியவள் நான். இங்கே மணியும் கிடையாது.

போன வாரம் என் தம்பி மகன் சிங்கப்பெருமாள் கோவில் வீட்டுக்கு வந்திருந்தான். மகேந்திரா சிட்டியில் வேலை, பரனூரில் இறங்கிப் போகிறவன், எப்போதாவது ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கி என்னைப் பார்த்துவிட்டுப் போவான். என் செல்போனைப் பார்த்துவிட்டு, "அத்தை, ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு வருது. பழசையெல்லாம் டெலீட் பண்ணிடட்டுமா?" என்றான். "கையை எடு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பையன் பயந்துவிட்டான். பிறகு காப்பி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டான்: "அப்பா உங்களுக்கு எழுதின மெயில் ஏதாவது இருக்கா அத்தை?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

தம்பி 1999-ல் மஸ்கட் போனான். ஐஎஸ்டி போட்டுப் பேசினால் நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று எல்லாருக்கும் பயம். அதனால் மெயில். மாதம் இரண்டு சனிக்கிழமை நான் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துத் தாம்பரம் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டுப் பதில் போட்டுவிட்டு வருவேன். தமிழைத் தமிழில் அடிக்க வழி தெரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, விசைப்பலகைக்கும் எழுத்துருவுக்கும் தரம் வகுத்தார்கள். ஆனால் அதெல்லாம் தாம்பரத்துக் கடைக்கு வந்து சேரவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவான். "அக்கா எப்படி இருக்கே" என்பதைப் படிக்கவே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

2006 வாக்கில் நான் வேறு மெயில் கணக்குக்கு மாறிவிட்டேன். அதற்குள் போன் மலிவாகிவிட்டது, எழுதுவதும் குறைந்துவிட்டது. 2009-ல் தம்பி போய்ச் சேர்ந்தான். பையனுக்கு அப்போது ஆறு வயது. காரியமெல்லாம் முடிந்து, மூன்று மாதம் கழித்துப் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். கடவுச்சொல் சரியாகத்தான் இருந்தது. கதவும் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நீண்ட நாள் வராததால் பெட்டி காலி செய்யப்பட்டது என்று இரண்டு வரி. ஆறு வருடக் கடிதம்.

எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சேரும்போதே விதி இருந்தது, நான்தான் படிக்காமல் "சம்மதம்" என்று அழுத்தினேன்.

நாற்பது வருடம் வரலாறு நடத்தியவள் என்பதால், இந்தத் "தானாக அழிதல்" எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் அரசு அலுவலகங்களில் இது புதிதே அல்ல. கல்வி அலுவலகத்திலிருந்து வரும் ஆணையில் மேலே "மூ.மு.எண்", "ஓ.மு.எண்" என்று இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். அது கோப்பின் ஆயுள். நி.மு. என்றால் நிரந்தரம். ப.மு. பத்தாண்டு. மூ.மு. மூன்றாண்டு, ஓ.மு. ஓராண்டு. கோப்பை முடிக்கும்போதே அது எப்போது சாக வேண்டும் என்று நெற்றியில் எழுதிவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து மதராஸ் மாகாண வழக்கம் இது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடம் ஏது? நிரந்தரமானதை வைக்க எழும்பூரில் 1909-ல் ஆவணக் களரியே கட்டினார்கள். 1993-ல் வந்த பொது ஆவணச் சட்டமும், மத்திய அரசு ஆவணங்களை முறைப்படி அல்லாமல் அழிக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. அழிப்பதற்கு ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர் கையெழுத்துப் போட்டால் மட்டும் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போன கதையை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். சங்கரன்கோவில் பக்கம் உள்ள ஊர். பாண்டியர் ஒருவரின் நூலகத்து ஏடுகள் அந்தக் கோயிலில் இருந்தன என்று கேள்விப்பட்டுப் போகிறார். அங்கே அதிகாரி சொன்ன பதில்: பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்று சாஸ்திரம் இருக்கிறதாம், அதனால் நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாகிவிட்டது. பகையால் எரித்தவர்கள் அல்ல. பக்தியோடு, விதிப்படி எரித்தவர்கள். ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டவர்களும் அப்படித்தான். நல்ல ஏட்டைப் புதுசாகப் படியெடுத்துவிட்டு, பழையதை விடுவதுதான் ஆதி வழக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். படியெடுப்பது நின்றுபோனது, விடுவது மட்டும் தொடர்ந்தது.

நம் ஊர்ப் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்கு ஒன்பதாம் வகுப்பை வருடாவருடம் கூட்டிப் போவேனே, ஞாபகம் இருக்கிறதா? கல்லில் வெட்டியதே நிலைக்கும் என்று அங்கே நின்று சொன்னேன். முழுக்கச் சரியில்லை. திருப்பணி என்ற பேரில் கல்வெட்டு போன கோயில்கள் எத்தனையோ. அதனால்தான் 1886-ல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியரைச் சென்னையில் கல்வெட்டு அறிஞராக நியமித்து, கல்லைக் காகிதத்தில் படியெடுக்க ஆரம்பித்தார்கள். கல்லுக்கே நகல் வேண்டியிருந்தது.

இனி மெயிலுக்கு வருகிறேன். 1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு முதல் செய்தியை அனுப்பினார். 'அட்' குறியை முகவரிக்கு நடுவில் வைத்தவரும் அவரே. 1984-ல் 'பாப்' என்ற முறை வந்தது. விரித்துச் சொன்னால் "தபால் நிலைய நெறிமுறை". பெயருக்கேற்ற வேலை. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் தபால் நிலையத்தில் பிரதி இருக்குமா? அதுபோல உங்கள் கணினி மெயிலை இறக்கியதும் சர்வரில் அழிந்துவிடும். அப்போது சேமிப்பு இடம் தங்கத்துக்குச் சமானம். "சர்வரில் ஒரு பிரதி விட்டு வை" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல், பிறகு ஹார்ட் டிஸ்க் போய், அத்தனையும் இழந்தவர்கள் ஊருக்கு நாலு பேர். 1986-ல் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய 'ஐமேப்' வேறு மாதிரி. கடிதம் சர்வரிலேயே இருக்கும், நாம் எட்டிப் பார்க்கிறோம். ஆனால் ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவியிலும் அழியும். பேரன் பேத்தி கையில் செல்போன் கொடுப்பவர்கள் கவனிக்க.

அதே 1986 நவம்பரில் அமெரிக்க வெள்ளை மாளிகையில் ஒரு கூத்து நடந்தது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் வெளியே வந்ததும், பாயின்டெக்ஸ்டர், ஆலிவர் நார்த் இருவரும் தங்கள் மெயில்களை ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். காப்பு நாடாவில் நகல் இருந்ததை மறந்துவிட்டார்கள். விசாரணைக் குழு எடுத்துப் படித்துவிட்டது. 1989 ஜனவரியில், ரீகன் பதவி முடியும் நேரத்தில், மிச்ச மெயில்களையும் துடைத்துவிடாமல் இருக்க வழக்குப் போட்டார்கள். 1993-ல் நீதிமன்றம், மெயிலும் ஆவணம்தான், தாளில் அச்சிட்டுவிட்டு அழிப்பது போதாது என்றது. அழிக்க நினைத்த இருவருக்கு அழியவில்லை. வைக்க நினைத்த எனக்கு நிற்கவில்லை!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் மூலம். மறு வருடம் ஹாட்மெயில், நம் சபீர் பாட்டியா கூட்டாளியோடு தொடங்கியது. பெட்டியின் அளவு 2 எம்பி. இன்று ஒரு "காலை வணக்கம்" படமே அதைவிடப் பெரிது. அவ்வளவு சின்னப் பெட்டியில், வராதவன் பொருளைத் தூக்கிப் போட்டால்தான் வருகிறவனுக்கு இடம். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருகிறோம் என்றபோது பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். இனி எதையும் அழிக்க வேண்டாம் என்பதுதான் பேச்சு. அது 15 ஜிபி ஆனது. போட்டோவும் ஃபைலும் அதிலேயே சேர்ந்தது. இப்போது மறுபடி நிரம்பிவிட்டது. 2023-ல் கூகுள், இரண்டு வருடம் உள்ளே வராத தனிநபர் கணக்குகளை அழிப்போம் என்று அறிவித்து, அந்த டிசம்பர் முதல் தொடங்கியது. அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால் அறிவிப்பு எங்கே போகும்? நாம் திறக்காத அதே மெயிலுக்கும்தான்.

சரி, என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய கணக்கு எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை உள்ளே போய் ஒரு மெயிலைத் திறந்து படிக்கிறேன். ஜிமெயிலில் ஸ்பேம், ட்ராஷ் இரண்டிலும் 30 நாள்தான் தங்கும். வாரம் ஒருமுறை ஸ்பேமைப் பார்க்கிறேன். முக்கியமானவர்கள் முகவரிக்கு ஃபில்டர் போட்டு "ஸ்பேமுக்கு அனுப்பாதே" என்று வைத்திருக்கிறேன். செட்டிங்கில் ஃபில்டர் பட்டியலையும் பாருங்கள். எப்போதோ யாரோ போட்ட "டெலீட்" ஃபில்டர் ஒன்று அங்கே சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கலாம். "பாப்" பகுதியில், மெயிலை வேறு கருவி இறக்கியபின் ஜிமெயில் பிரதியை அழிக்கவா, வைக்கவா என்று கேட்கும். "வை" என்று இருக்க வேண்டும். கணினியில் அவுட்லுக் வைத்திருப்பவர்கள், மூடும்போது அழித்தவற்றைக் காலி செய்யும் கட்டத்தையும், பழையதைத் தானாக ஒதுக்கும் 'ஆட்டோ ஆர்க்கைவ்' கட்டத்தையும் பார்க்கவும்.

"மெயில் காணோம் டீச்சர்" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அது அழியவில்லை. விரலால் ஒதுக்கித் தள்ளியதில் ஆர்க்கைவ் ஆகி, "ஆல் மெயில்" உள்ளே உட்கார்ந்திருக்கும். முதலில் அங்கே தேடிவிட்டு அப்புறம் அழுங்கள்.

2013-லிருந்து கூகுளில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்று ஒன்று இருக்கிறது. நான் இத்தனை மாதம் வராவிட்டால் இன்னாருக்குச் சொல், இதை இதைக் கொடு என்று எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை. நான் தம்பி மகன் பெயரைப் போட்டிருக்கிறேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "எதுக்கு அத்தை இப்போ?" என்றான். "எல்ஐசி நாமினி போட்டப்போ இப்படிக் கேக்கலையே" என்றேன்.

அவன் கேட்டதற்கு வருகிறேன். மூன்று கடிதம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்தேன் என்றால் எங்கள் அம்மா நம்பமாட்டார்கள், தாள் வேண்டும். அதனால் மூன்று தடவை அச்சிட்டு வாங்கி வந்து, ஆங்கில எழுத்து வரிகளுக்குக் கீழே நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார்கள். மை மங்கிவிட்டது, என் கையெழுத்து நிற்கிறது. அதில் ஒன்றில், பையன் பிறந்த வாரம் எழுதியது, அவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஏழு பெயர் பட்டியல் போட்டு என் அபிப்பிராயம் கேட்டிருக்கிறான். அவன் அதை வாங்கி நின்றபடியே இரண்டு தடவை படித்தான். ஸ்கேன் செய்து எனக்கும் அவனுக்குமாக மெயிலில் போட்டிருக்கிறான். தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

செட்டிங்கில் சந்தேகம் இருப்பவர்கள் மாலை ஐந்து மணிக்குமேல் போன் செய்யலாம். கடவுச்சொல்லை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள், போன மாதம் இரண்டு பேர் சொல்லிவிட்டீர்கள்.