பால்சுறாவும் பாதரசமும்: பிள்ளைப்பெற்ற வீட்டில் எதைச் சொல்வது?

துணுக்காய்க்குக் கடல் இல்லை. கடல்மீன் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிறது. இல்லையென்றால் வவுனிக்குளத்து மீன். இருந்தாலும் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால் முதலில் தேடப்படுவது பால்சுறாதான். சரக்கு அரைத்து, உள்ளியும் மிளகும் கூடப்போட்டு வைக்கும் கறி தாய்க்குப் பால் சுரக்கவைக்கும் என்பது அம்மம்மாமாரின் உறுதியான நம்பிக்கை. ஆனால் வெளிநாடுகளின் சுகாதாரத் துறைகள் சுறாவைத் தவிர்க்கச் சொல்வது முக்கியமாக இதே தாய்மாருக்குத்தான். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள் சுறாவை உண்ணவேண்டாம் என்று அமெரிக்க அரசு 2004 இல் அறிவுறுத்தியது.

காரணம் பாதரசம். நிலக்கரி எரிப்பதாலும், சிறிய தங்கச் சுரங்கங்களாலும் வெளியேறும் பாதரசம் கடலில் சேர்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனைப் பெரிய மீன் உண்ண, அதை இன்னும் பெரியது உண்ண, ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. நீண்டகாலம் வாழும் சுறா உச்சிப்படியில் இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனைகளில் சுறாவில் சராசரியாகக் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம் பாதரசம் இருந்தது. சாளையிலும் திலாப்பியாவிலும் 0.013 தான். ஏறத்தாழ 75 மடங்கு வித்தியாசம்.

இந்த நஞ்சு கொழுப்பில் அல்ல, தசையில் பிணைந்திருப்பதால் அவித்தாலும் பொரித்தாலும் போகாது. கருவாட்டில் நீர் வற்றிவிடுவதால் அதே நிறைக்குச் செறிவு கூடும். ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவால் நஞ்சேறிய மீனை உண்டவர்களின் நோய் 1956 இல் வெளியே தெரியவந்தது. தாய்க்குப் பெரிதாக அறிகுறி இல்லாதபோதும் வயிற்றிலிருந்த பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டிருந்தது. அங்கே நடந்தது பெரும் நச்சேற்றம்; நம் சட்டியிலுள்ள சுறாக்கறியை அதனோடு சமப்படுத்த முடியாது. ஆனால் யாரைக் கவனமாகப் பாதுகாக்கவேண்டும் என்பதை உலகம் அங்கேதான் படித்தது.

இந்த அச்சத்தைச் சுறாக்களைக் காப்பாற்றவும் பயன்படுத்துகிறார்கள். ‘வைல்ட் எயிட்’ அமைப்பு 2001 இல் தாய்லாந்தில் சுறாத்துடுப்பு சூப்பில் பாதரசம் இருப்பதாக விளம்பரம் செய்தது. விற்பனை விழுந்தது, வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். ஜப்பானின் தைஜியில் டொல்பின் வேட்டையைக் காட்டிய 2009 ஆம் ஆண்டின் ‘த கோவ்’ ஆவணப்படமும் டொல்பின் இறைச்சியிலுள்ள பாதரசத்தை ஒரு முக்கிய வாதமாக வைத்தது. ‘பாவம், கொல்லாதீர்கள்’ என்பதைவிட ‘உங்கள் பிள்ளைக்கு ஆபத்து’ என்பது சீக்கிரம் காதில் ஏறும்.

சுறாக்கள் அழிவது உண்மைதான். 1970 இலிருந்து ஆழ்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 வீதம் குறைந்துவிட்டதாக 2021 இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இலங்கையிலும் நீண்டவால் கொண்ட திரெஷர் சுறாவைப் பிடிப்பது 2012 முதல் தடை. ஆனால் இந்த இரண்டு வாதங்களும் ஒரு கட்டத்தில் பிரிகின்றன. பாதரசக் கணக்கின்படி பெரிய சுறாதான் மோசம், சின்னதில் அளவு குறைவு. பால்சுறா சிறிய இனம். மற்றச் சுறாக்களின் குட்டிகளும் அதே பெயரில் விலைப்படலாம். நஞ்சுக்குப் பயந்தவர் குட்டியை வாங்கினால், குட்டி வளர்ந்து இனம் பெருகவேண்டும் என்பவரின் நோக்கம் அங்கேயே தோற்றுவிடும். பாதுகாப்புக்காகப் பேசுகிறவர்கள் அதை நேராகவே சொல்லலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு சிக்கல், எச்சரிக்கை காதில் விழும் விதம். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது மேற்குக் கரையில் மீனே விலைப்படாமல் போனது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையும் நமக்குத் தெரியும். உண்மையான ஆபத்து எவ்வளவு, வதந்தி எவ்வளவு என்று பிரிக்கச் சனங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. ‘சுறாவில் நஞ்சு’ என்பது இரண்டு வீடு தாண்டும்போது ‘மீனில் நஞ்சு’ ஆகிவிடும். 2008 இல் இடம்பெயர்ந்து, எல்லாம் இழந்து திரும்பி வந்த குடும்பங்களில், திரிபோஷாவோடு கொஞ்சம் மீன்தான் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் புரதம். அதையும் நிறுத்தினால் நட்டம் தாய்க்கும் பிள்ளைக்கும்தான்.

ஆகவே சொல்லவேண்டியது ‘மீனை விடுங்கள்’ என்றல்ல, ‘மீனை மாற்றுங்கள்’ என்றுதான். சரக்குக்கறிக்குச் சுறாதான் வேண்டும் என்றில்லை. சூடை, சாளை, நெத்தலி, குளத்துத் திலாப்பியா எல்லாம் சரக்கோடு சேரும், விலையும் பெரும்பாலும் குறைவு.

கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதே சுறாவைக் குறைப்பது நல்லது. மீதைல் பாதரசத்தின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 நாள் எடுக்கும். அது தாய்ப்பாலைவிடத் தொப்புள்கொடி வழியாகத்தான் பிள்ளைக்குக் கூடுதலாகப் போகிறது. ஏற்கனவே இரண்டு மூன்று தரம் பால்சுறாக் கறி சாப்பிட்டவர்கள் அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். எந்த மீன், எவ்வளவு பெரிது, கிழமைக்கு எத்தனை தரம் என்று விபரமாகச் சொல்லிக் கேளுங்கள்.