பாதரசச் சொட்டும் குடிநீரில் ஈயமும்

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்று நம் நாட்டுத் தர அளவு. இப்படி எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்து வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நீரிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஈயம் இருந்தால் அதுதான் எல்லை. நிறம் கிடையாது, வாடை கிடையாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

இவ்வளவு சிறிய அளவைக் கண்டறியும் வழிகளில் ஒன்று பிராக் நகரில் பிறந்தது. 1918இல் யாரொஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி என்ற இளைஞர் டாக்டர் பட்டத் தேர்வுக்குப் போனார். தேர்வாளர்களில் ஒருவரான இயற்பியல் பேராசிரியர் குசேரா, மின்னழுத்தத்தில் பாதரசச் சொட்டு நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றிக் கேட்டார். அந்தக் கேள்வி ஹெய்ரோவ்ஸ்கியை விடவில்லை. முதலில் சொட்டுகளை எடை போட்டார். பிறகு சொட்டு வழியாக ஓடும் மின்னோட்டத்தை அளந்தார். 1922 பிப்ரவரி 10 அன்று வழி திறந்தது.

விஷயம் எளிதானதுதான். மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சில விநாடிக்கு ஒரு சொட்டு விழும். ஒவ்வொரு சொட்டும் புதிது என்பதால் பழைய அழுக்கு ஒட்டாது. ஒவ்வொரு உலோகமும் தனக்கென ஓர் அழுத்தத்தில் சொட்டில் படியும். எந்த அழுத்தம் என்பது உலோகத்தின் பெயரைச் சொல்லும், மின்னோட்டம் அதன் அளவைச் சொல்லும். 1925இல் ஜப்பானியரான ஷிகாட்டாவுடன் சேர்ந்து, வரைபடத்தைத் தானே பதிவு செய்யும் போலரோகிராப் கருவியை உருவாக்கினார். 1959இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனாலும் சில மைக்ரோகிராம் அளவை அது எட்டவில்லை. 1950களின் இறுதியில் வார்சாவில் கெமூலா என்பவர் சொட்டை விழவிடாமல் தொங்கவிட்டார். சில நிமிடம் உலோகத்தைச் சொட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, பிறகு அழுத்தத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு என்று வரிசையாக வெளியேறும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்த காலத்தில் பாதரசம் சிந்தினால் மேசைக்கு அடியில் முத்து முத்தாக ஓடும். கந்தகப் பொடி தூவிக் கூட்டி அள்ளுவோம். நஞ்சைக் கண்டுபிடிக்க இன்னொரு நஞ்சு! அதிலும் ஒரு வேடிக்கை: நீரில் பாதரசமே கலந்திருந்தால் பாதரசச் சொட்டால் அதைக் காட்ட முடியாது. அதற்குத் தங்க மின்முனை வேண்டும்.

2000இல் அமெரிக்காவில் ஜோசப் வாங் குழுவினர் பாதரசத்துக்குப் பதிலாக பிஸ்மத் பூச்சைப் பயன்படுத்திக் காட்டினார்கள். பாதரசக் கழிவால் சீரழிந்த மினமாட்டாவின் பெயரிலேயே, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமும் 2013இல் கையெழுத்தானது.

இன்று கையில் தூக்கிச் செல்லும் அளவிலேயே இந்தக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் நம் வீட்டுக்கு வரும் சுத்திகரிப்பு இயந்திர விற்பனையாளர் நீரில் விட்டுக் காட்டுவது டிடிஎஸ் மீட்டரை மட்டுமே. அது கரைந்த உப்பின் மொத்தக் கணக்கு. 500 மில்லிகிராம் உப்புக்கு நடுவே 10 மைக்ரோகிராம் ஈயம் அதில் தெரியவே தெரியாது. அடுத்த முறை ஆழ்குழாய் நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, ஈயத்தையும் காட்மியத்தையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.