ஏர்பிரஷ் வந்த வழி

ஸ்கேல் மாடல் செய்பவர்களிடம் "எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். 0.2 மி.மீ. நாசில்தான் சிறந்தது என்பார் ஒருவர். 0.5 இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பார் இன்னொருவர். நானும் ஒரு வருடம் கைச்செலவுக் காசைச் சேர்த்து, நுண்ணியதுதானே நல்லது என்று 0.2 வாங்கினேன். முதல் நாளே பிரைமர் ஊற்றி அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று குடைந்ததில் நாசிலின் வாய் விரிந்தே போய்விட்டது. (அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.) அதற்குப் பிறகுதான் இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். முன்பே படித்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

ஏர்பிரஷ் மாடல்களுக்காகப் பிறந்ததே இல்லை. அது புகைப்படக்காரர்களின் கருவி. 19-ம் நூற்றாண்டில் ஒரு முகத்தைப் பெரிதாக்கி அச்சிட்டால் மங்கலாக வரும். அதன்மேல் ஓவியர் வர்ணம் தீட்டித் தேற்ற வேண்டும். தூரிகை பட்டால் கோடு தெரியும், படம் என்பது போய் ஓவியம் ஆகிவிடும். கோடு தெரியாமல் வர்ணம் வைக்க ஒரு வழி தேவைப்பட்டது.

1876-ல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ஸ்டான்லி என்பவர் ஒரு தெளிப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் சகோதரரோடு சேர்ந்து நீராவிக் கார் செய்து பெயர் வாங்கிய அதே ஸ்டான்லிதான். 1879-ல் ஐயோவா மாநிலத்தின் வெப்ஸ்டர் சிட்டியில் அப்னர் பீலர் என்ற நகைக்காரர், தையல் மெஷின் ஊசி, ஸ்பூன் என்று கையில் கிடைத்ததை வைத்து ஒன்று செய்தார். காற்று ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் ஊசியை முன்னும் பின்னும் ஆட்டும். ஊசி நுனியில் ஒட்டி வரும் வர்ணத்தைக் காற்று ஊதித் தள்ளும். கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது, ஆனால் வேலை செய்தது! லிபர்ட்டி வாக்கப் என்பவர் அந்த உரிமையை வாங்கி, இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் தயாரித்து விற்றார்.

அடுத்த திருப்பம் 1893, சிகாகோ உலகக் கண்காட்சி. சார்லஸ் பர்டிக் வடிவமைத்த ஏர்பிரஷ் அங்கே வைக்கப்பட்டது. இதில் காற்றும் வர்ணமும் முனைக்குள்ளேயே கலந்தன. அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் வர்ணம். இன்று நாம் டபுள் ஆக்‌ஷன் என்று சொல்வது இதைத்தான். முகத்தில் ஒரு நிழலை வைக்க வேண்டிய கைக்காக வந்த ஏற்பாடு என்பதை மறக்காதீர்கள். காற்றும் வர்ணமும் வெளியே கலக்கும் எளிய சிங்கிள் ஆக்‌ஷன் வகையும் தனியாக வளர்ந்தது. சிகாகோவில் 1904-ல் தொடங்கிய பாஷே நிறுவனத்தின் எச் மாடல் அந்த வகைதான். அது பரப்பை மூடுவதற்கு, டபுள் ஆக்‌ஷன் நிழலுக்கு.

பிளாஸ்டிக் மாடல்கள் வெகு தாமதமாக வந்தவை. இங்கிலாந்தில் 1936-ல் ஃபிராக் பெங்குவின் வரிசை வந்தது, 1952-ல் ஏர்ஃபிக்ஸின் கோல்டன் ஹைண்ட் கப்பல் உல்வொர்த் கடைகளில் விற்றது. சிறுவர்கள் சின்ன டப்பா எனாமலும் தூரிகையும் வைத்தே ஒப்பேற்றினார்கள். 1970-களில் ஏர்பிரஷ் மாடல் மேஜைக்குப் பரவலாக வந்தபோது பலரிடம் கம்ப்ரஸர்கூட இல்லை. காற்று அடைத்த கேன், அதுவும் தீர்ந்தால் காரின் ஸ்டெப்னி டயர்!

அப்படியாவது ஏன் பாடுபட வேண்டும்? அசல் வண்டிகளே தெளித்து வர்ணம் பூசப்பட்டவை. 1943 பிப்ரவரியில் இருந்து ஜெர்மானிய டாங்குகள் அடர்மஞ்சள் நிறத்தில் வந்தன. பச்சையும் செங்காவியும் பசையாகத் தரப்பட்டன. வீரர்களே அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்துத் தெளித்துக்கொண்டார்கள். அந்தப் பட்டையின் ஓரம் கத்தி வெட்டியது போல் இராது, பஞ்சு போல் கலங்கியிருக்கும். கலங்கிய ஓரம் அசலில் 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1/35 அளவில் அது 2 மி.மீ. 1/72 அளவில் 1 மி.மீ. கூட இல்லை. 0.2 நாசிலுக்கு நியாயம் இருப்பது இந்த ஒரு மில்லிமீட்டரில்தான். வர்ணத்தை நன்றாக நீர்க்க வைத்து, அழுத்தத்தை 10-12 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, முனையை மாடலுக்கு ஓரிரு செ.மீ. கிட்டே பிடிக்க வேண்டும்.

மற்ற கட்டங்களுக்கு அந்த நுணுக்கம் தேவையே இல்லை. பிரைமர் கெட்டியானது, பரவலாக மூட வேண்டியது. 0.4 அல்லது 0.5, இருபது பி.எஸ்.ஐ. சுமார், சிங்கிள் ஆக்‌ஷனே போதும். அடிப்படை நிறத்துக்கு 0.3. கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்லும் தூள் கலந்திருக்கும், அதனால் மறுபடி பெரிய நாசிலுக்கே திரும்ப வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.3 டபுள் ஆக்‌ஷன் வாங்குங்கள் என்பேன். 0.2 முதல் ஏர்பிரஷ் அல்ல. என் பர்ஸைக் கேளுங்கள், சொல்லும்.

என் 0.2-க்குப் புது நாசில் போட்டாயிற்று. இப்போது மேஜையில் 1/72 மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டுப் புள்ளிகளுக்கு மட்டும்தான் அது பெட்டியை விட்டு வெளியே வரும். பிரைமருக்கு ஸ்ப்ரே கேன்.