வெடித்த விண்மீனும் அத்திரம்பாக்கத்துக் கல்லும்

கார்த்திகைப் பெண்டிர் அறுவர் முருகனை வளர்த்து விண்மீன்களான கதையை நினைவூட்டுவது திருத்தணியின் ஆடிக் கிருத்திகை விழா. அம்மலைக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், கொசத்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்திற்கும் விண்மீன்களோடு ஓர் உறவு உண்டு. அது கல்லால் அமைந்த உறவு.

1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்னும் நிலவியலாளர் இருவர் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்தனர். அவற்றின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்ல அக்காலத்தில் வழியில்லை. 2011இல் சாந்தி பப்பு தலைமையிலான குழு அதைச் சொல்லிற்று: ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள்.

கணக்கிட்ட முறைதான் வியப்பிற்குரியது. விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள், வெளியே கிடக்கும் கல்லின் குவார்ட்சில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தால் அவ்வாக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். பின்னர் அலுமினியம் விரைந்தும் பெரிலியம் மெல்லவும் சிதையும். இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைக் காட்டிவிடும். அண்டக் கதிர்களிற் பெரும்பகுதி விண்மீன் வெடிப்புகளால் விசை பெற்றவை என்பது அறிவியலார் கருத்து.

ஆயினும் அவ்வணுக்கள் கல்லிலேயே பிறந்தவை. வெடித்த விண்மீனின் பொருள் அல்ல. அப்பொருளுக்குச் சான்று இரும்பு-60 என்னும் அணுவாகும். 26 இலட்சம் ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். ஆகவே, 450 கோடி ஆண்டு வயதுடைய புவி பிறந்தபோது இருந்த இரும்பு-60 எதுவும் இன்று எஞ்சியிராது. காணக் கிடைப்பது பிற்காலத்தில் வந்து விழுந்ததே. மழையில் கரையும் மலைப்பாறையில் அதைத் தேடிப் பயனில்லை. பத்து இலட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் ஆழ்கடல் மாங்கனீசு மேலோடுதான் அதற்கேற்ற ஏடு. பசிபிக் கடலின் அத்தகைய மேலோட்டில் மியூனிக் ஆய்வாளர்கள் அதைக் கண்டதாக 1999இல் அறிவித்தனர். இந்தியப் பெருங்கடலின் அடிமண்ணும் சேர்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, அவ்விரும்பு 32 முதல் 17 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பொழிந்தது என வரையறுத்தது. சுமார் 300 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் வெடித்திருக்கலாம் என்பர். கேட்டை விண்மீன் சேர்ந்துள்ள பெருந்தொகுதியே அவற்றின் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது.

அத்திரம்பாக்கத்து மனிதர் அவ்வொளியைக் கண்டனரோ என்று கேட்க ஆவல் எழுவது இயல்பே. காலக்கணக்கு அதற்கு இடந்தரவில்லை. அவர்தம் கோடரிகள் புதையுமுன்னரே அப்பொழிவு தணிந்திருந்தது. முற்றிலும் நின்றுவிடவுமில்லை. அண்டார்க்டிகாவில் அண்மை ஆண்டுகளில் பெய்த பனியிலும் இரும்பு-60 இருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.